நிறம் ஏறாத படத்தையும் காட்டுங்கள்: கைனேஸ் ஆன்டிபாடி விற்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆராய்ச்சி ஆன்டிபாடிகளைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆன்டிபாடி என்பது ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்க வேண்டிய புரதம்; கைனேஸ் என்பது மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி. நீங்கள் விற்கும் புரோட்டீன் கைனேஸ் ஆன்டிபாடிகள் பலவற்றின் டேட்டாஷீட்டில் 'வெஸ்டர்ன் பிளாட்', 'இம்யூனோஃப்ளூரசன்ஸ்', 'பாரஃபின் திசு' என்று வரிசையாக டிக் போட்டிருக்கிறீர்கள். அந்த மூன்றாவது டிக்கை, அதாவது ஃபார்மலினில் பதப்படுத்திப் பாரஃபின் மெழுகில் புதைத்த திசுவைப் பற்றியதுதான் இந்த மடல். அதற்கு ஆதாரமாக நீங்கள் தருவது பெரும்பாலும் ஒரே ஒரு படம்: ஏதோ ஒரு புற்றுக்கட்டியின் துண்டு, அதில் ஆன்டிபாடி பிடித்த இடமெல்லாம் அழகாகப் பழுப்பு நிறம் ஏறியிருக்கும். அதன் பக்கத்தில் இன்னொரு படம் வேண்டும் என்று கேட்கிறேன். அந்தக் கைனேஸே இல்லாத செல்களை அதே ஃபார்மலினில் போட்டு, அதே பாரஃபினில் புதைத்து, அதே ஆன்டிபாடியால் அதே தடவையில் சாயமிட்டு எடுத்த படம். அதில் பழுப்பு ஏறியிருக்கக் கூடாது.

திசுத் துண்டுகளுக்குச் சாயமிடுவதும் அவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும்தான் என் வேலை. பழுப்பைப் பார்த்து எனக்குப் பயம் கிடையாது. எந்த ஆன்டிபாடியையும் கொஞ்சம் அதிகமாக ஊற்றி, கொஞ்சம் அதிக நேரம் வைத்தால் பழுப்பு வரத்தான் செய்யும். அது எங்கே வரக் கூடாதோ அங்கே வராமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வெஸ்டர்ன் பிளாட்டில் ஒற்றைக் கோடு தெளிவாக வருகிறதே, அது போதாதா என்று உங்கள் தொழில்நுட்ப உதவிப் பிரிவு கேட்கும். போதாது. பிளாட்டில் புரதங்களை டிடர்ஜென்ட் போட்டு, சூடாக்கி, மடிப்பெல்லாம் அவிழ்த்து, எடைவாரியாகப் பிரித்து வைத்த பிறகுதான் ஆன்டிபாடி வருகிறது. ஏகேடி என்ற கைனேஸ் சுமார் 60 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) உயரத்தில் நிற்கும். அந்த ஆன்டிபாடி வேறு எடையுள்ள இன்னும் இரண்டு மூன்று புரதங்களைப் பிடித்துக்கொண்டாலும், 60-இல் இருக்கும் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிடலாம். டேட்டாஷீட்டில் படத்தையே மேலும் கீழும் வெட்டிவிட்டால் ஒதுக்க வேண்டிய அவசியமும் இல்லை! திசுத் துண்டில் இந்த வசதி கிடையாது. அங்கே எடைவாரியாகப் பிரிப்பதே இல்லை. ஆன்டிபாடி எதை எதைப் பிடித்ததோ அத்தனையும் ஒரே பழுப்பாகக் கூடிவிடும். அந்தப் பழுப்பில் எத்தனை பங்கு நாம் தேடும் கைனேஸ், எத்தனை பங்கு வேறு ஏதோ என்று பார்ப்பவர் யாராலும் சொல்ல முடியாது. அதனால், பிளாட்டில் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறை திசுவில் பொய்யாக மாறிவிடுகிறது.

கைனேஸ் என்னும்போது இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. மனித மரபணுத் தொகுப்பில் 518 புரோட்டீன் கைனேஸ்கள் இருப்பதாக 2002-இல் ஒரு பட்டியல் வெளிவந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டிய குடியிருப்பு வீடுகள் மாதிரி: ஏடிபி உட்காரும் குழி, வினை நடக்கும் இடம், முடுக்கிவிடும் வளையம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அமைப்பு. ஏகேடி1, ஏகேடி2, ஏகேடி3 மூன்றும் நெருங்கிய உறவு. செரின் 473-இல் பாஸ்பேட் ஏறிய ஏகேடியைக் காட்டும் என்று விற்கப்படும் ஆன்டிபாடிகளில் பல, ஏகேடி2-இன் 474-ஐயும் ஏகேடி3-இன் 472-ஐயும் சேர்த்தே பிடிக்கும். சுற்றியுள்ள அமினோ அமில வரிசை அவ்வளவு ஒத்துப்போகிறது. இதைச் சிலர் டேட்டாஷீட்டில் நேர்மையாக எழுதுகிறீர்கள், அதற்கு நன்றி. எழுதாதவர்களும் இருக்கிறீர்கள்.

அப்புறம் ஃபார்மலின். அது புரதங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து இறுக்கிவிடுகிறது. ஆன்டிபாடி உட்கார வேண்டிய இடம் அதில் மறைந்தும் போகலாம். 1991-இல் துண்டுகளைக் கரைசலில் போட்டுச் சூடாக்கி அந்த இடங்களைத் திறக்கும் முறை வந்த பிறகுதான் பாரஃபின் பிளாக்குகளில் இவ்வளவு ஆன்டிபாடிகள் வேலை செய்யத் தொடங்கின. ஆனால் பிஎச் 6 சிட்ரேட்டில் சூடாக்குவதும் பிஎச் 9 டிரிஸ்-ஈடிடிஏவில் சூடாக்குவதும் ஒன்றல்ல. ஒன்றில் வெறுமையாக இருக்கும் துண்டு இன்னொன்றில் பளிச்சென்று வரும். சில சமயம் இரண்டாவதில் வருவது நாம் தேடியதே இல்லை. எந்தக் கரைசல், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று எழுதாமல் 'பொருத்தமான முறையில் ஆன்டிஜன் மீட்பு செய்யவும்' என்று விட்டுவிடும் டேட்டாஷீட்டுகளை என்ன செய்வது?

திசு மாறினால் பதிலும் மாறும் என்பதற்கு மருத்துவத்துறையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஏஎல்கே என்ற டைரோசின் கைனேஸைக் காட்ட 'ஏஎல்கே1' என்ற குளோன் (ஒரே செல் வம்சம் தரும் ஆன்டிபாடி) நிணநீர்ப் புற்றில் நன்றாகவே உழைத்துவந்தது. அங்கே அந்தப் புரதம் ஏராளமாக இருக்கும். நுரையீரல் புற்றில் இஎம்எல்4-ஏஎல்கே என்ற மரபணு இணைவு 2007-இல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அதே குளோனை அங்கேயும் கொண்டுபோனார்கள். நுரையீரலில் புரதத்தின் அளவு குறைவு. ஆன்டிபாடியின் பிடி போதவில்லை, பல நோயாளிகளின் கட்டிகள் தவறிப்போயின. 5ஏ4, டி5எஃப்3 போன்ற வலுவான குளோன்கள் வந்த பிறகே நிலைமை சரியானது. நிணநீர்ப் புற்றில் எடுத்த ஒரு அழகான படத்தைக் காட்டி 'பாரஃபின் திசுவுக்கு ஏற்றது' என்று பொதுவாக எழுதினால் நுரையீரல் பார்ப்பவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. பிராஃப் கைனேஸில் வி600இ என்ற ஒரே ஒரு அமினோ அமில மாற்றத்தைப் பிடிக்கும் விஇ1 ஆன்டிபாடி 2011-இல் வந்தது. ஒற்றை எழுத்து வித்தியாசத்தைத் திசுவிலேயே பார்க்க முடிகிறது என்றால் அது சாதாரண வேலை இல்லை. அவ்வளவு நுட்பமான ஆன்டிபாடியே சுவாசப் பாதைச் செல்களின் சிறு மயிர்களில் அந்த மாற்றம் இல்லாமலே நிறம் ஏற்றுகிறது. இது நோய்க்கூறு வல்லுநர்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அந்த இடத்தைக் கண்டுகொள்ளாமல் கடக்க முடிகிறது. எந்தத் திசுவில் எங்கே ஏமாற்றும் என்ற தகவலும் ஆன்டிபாடியின் ஒரு பகுதிதான். அதையும் குப்பியோடு சேர்த்துத் தர வேண்டும்.

பாஸ்பேட் ஏறிய வடிவத்தை மட்டும் பிடிப்பதாகச் சொல்லும் ஆன்டிபாடிகளைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் கைனேஸ் ஆராய்ச்சியில் பாதி ஆர்வம் அங்கேதான் இருக்கிறது. கைனேஸ் இருக்கிறதா என்பதைவிட அது முடுக்கிவிடப்பட்டிருக்கிறதா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். இஆர்கே1 என்ற கைனேஸில் திரியோனின் 202, டைரோசின் 204 இரண்டிலும் பாஸ்பேட் ஏறினால் அது விழித்துக்கொண்டது என்று பொருள். ஆனால் அந்தப் பாஸ்பேட் நிலையாக நிற்கும் பொருள் அல்ல. ரத்த ஓட்டம் நின்ற பிறகும் திசுவிலுள்ள பாஸ்படேஸ் நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. ஆக்சிஜன் குறைந்த நெருக்கடியில் சில கைனேஸ்கள் புதிதாக முடுக்கிவிடப்படவும் செய்யும். ஃபார்மலின் உள்ளே ஊறுவதோ மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் என்ற மெதுவான கணக்கில். பெரிய கட்டி ஒன்றை அப்படியே ஜாடியில் போட்டால் ஓரம் அந்த நேரத்து நிலைமையைக் காட்டும், நடுப்பகுதி பல மணி நேரம் கழித்த நிலைமையைக் காட்டும். ஊசி பயாப்சியில் நன்றாகத் தெரியும் பாஸ்போ-இஆர்கேயும் பாஸ்போ-ஏகேடியும், அதே மார்பகக் கட்டியை முழுதாக அறுத்தெடுத்த துண்டில் மங்கிப்போவது பதிவான விஷயம். ஓரத்தில் மட்டும் பழுப்பு வளையம் தெரிந்தால் 'கட்டியின் விளிம்பில் சிக்னல் அதிகம்' என்று ஆராய்ச்சியாளர் எழுதிவிடுவார். அது உயிரியலா, ஃபார்மலின் ஊறிய தூரமா?

திசுவை எப்போது ஃபார்மலினில் போடுகிறோம் என்பது உங்கள் கையில் இல்லை, சரி. ஆனால் ஆன்டிபாடி உண்மையில் பாஸ்பேட்டைத்தான் பார்க்கிறதா என்று காட்டுவது உங்கள் கையில் இருக்கிறது. அடுத்தடுத்து வெட்டிய இரண்டு துண்டுகளை எடுத்து, ஒன்றை லாம்டா பாஸ்படேஸ் நொதியில் ஊறவைத்துப் பாஸ்பேட்டை நீக்கிவிட்டு, இரண்டுக்கும் ஒன்றாகச் சாயமிடுங்கள். நொதி போடாத துண்டில் நிறம், போட்டதில் வெறுமை. இப்படி ஒரு ஜோடிப் படம் எத்தனை பாஸ்போ ஆன்டிபாடிகளின் டேட்டாஷீட்டில் இருக்கிறது என்று உங்கள் பட்டியலைத் திறந்து நீங்களே எண்ணிப்பாருங்கள். அதோடு, கைனேஸ் தடுப்பு மருந்து கொடுத்த செல்களையும் கொடுக்காத செல்களையும் பாரஃபினில் புதைத்துக் காட்டினால் இன்னும் நல்லது.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று சொல்வீர்களோ என்னவோ. நடந்திருக்கிறது, அதுவும் ஒரு கைனேஸுக்கு, 1998-லேயே. ஹெர்2 என்பது செல் சவ்வில் அமரும் டைரோசின் கைனேஸ். டிராஸ்டுசுமாப் என்ற மார்பகப் புற்று மருந்து யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்த ஆண்டு அனுமதித்த ஹெர்செப்டெஸ்ட் கிட்டில், ஆன்டிபாடியோடு கன்ட்ரோல் ஸ்லைடுகளும் வந்தன. ஹெர்2 மிக அதிகமாக உள்ள செல், கொஞ்சமாக உள்ள செல், காட்டாத செல் என்று மூன்று மார்பகப் புற்றுச் செல்வகைகளை ஃபார்மலினில் போட்டு, பாரஃபினில் புதைத்து, வெட்டி ஒட்டித் தந்தார்கள். காட்டக் கூடாத செல்லில் நிறம் ஏறினால் அன்றைய தடவை செல்லாது. பின்னால் வந்த வழிகாட்டு நெறிகள், திசுவை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும், 6 முதல் 72 மணி நேரம்தான் அதில் இருக்கலாம் என்று கூடச் சொல்லிவிட்டன. ஒரே ஒரு கைனேஸுக்காக இவ்வளவு ஒழுங்கு.

அது மருத்துவப் பரிசோதனை, இது 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று லேபிளில் அச்சிட்டிருக்கிறோமே என்பீர்கள். அந்த லேபிள் உங்களைச் சட்டத்தில் காப்பாற்றும். ஆனால் எந்தக் கைனேஸ் எந்தப் புற்றில் கூடியிருக்கிறது, எதைத் தடுக்க மருந்து தேடலாம் என்ற முதல் முடிவுகள் அந்த லேபிள் ஒட்டிய குப்பிகளை வைத்துத்தான் எடுக்கப்படுகின்றன. அங்கே தவறான பழுப்பு வந்தால் பின்னால் வரும் எல்லாரும் அதே திசையில்தான் நடப்பார்கள்.

ஒரு நிறுவனத்தோடு எனக்கு நடந்த கடிதப் போக்குவரத்தைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அவர்களுடைய கைனேஸ் ஆன்டிபாடி, சாதாரண எலியின் சிறுநீரகத் துண்டிலும் அந்த மரபணுவே நீக்கப்பட்ட எலியின் துண்டிலும் ஒரே அளவு பழுப்பைத் தந்தது. முதல் ஆன்டிபாடி இல்லாமல் செய்த கன்ட்ரோல் சுத்தமாக இருந்தது, ஆகவே பின்னணிச் சாயம் என்று தள்ளவும் வழியில்லை. எல்லாப் படங்களையும் அனுப்பினேன். ஆன்டிபாடியை இன்னும் நீர்த்துப் பாருங்கள் என்று பதில். நீர்த்தேன், இரண்டு துண்டுகளும் ஒன்றாகவே மங்கின. பிளாக்கிங் பெப்டைடு வாங்கிப் பாருங்கள் என்று அடுத்த பதில். அதைப் போட்டதும் இரண்டிலும் நிறம் போய்விட்டது. பார்த்தீர்களா, குறிப்பாகத்தான் பிடிக்கிறது என்று எழுதினார்கள்! பெப்டைடு ஆன்டிபாடியின் பிடியை அடைத்துவிட்டால் அது சரியான புரதத்தையும் பிடிக்காது, தவறான புரதத்தையும் பிடிக்காது. நிறம் போனது அதைத்தான் காட்டுகிறது, வேறெதையும் காட்டவில்லை. கடைசியில் ஒரு புதுக் குப்பியை இலவசமாக அனுப்பிவைத்தார்கள். அதே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண். அந்த டேட்டாஷீட்டில் டிக் அப்படியே இருந்தது.

இது எனக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் இல்லை. 'ஒய்காரோஸ்' என்ற கூட்டு முயற்சி 2023-இல் வெளியிட்ட முடிவுகளை உங்களில் பலர் நன்றாகவே அறிவீர்கள், ஏனென்றால் சோதனைக்கு ஆன்டிபாடிகளைக் கொடுத்ததே உங்களில் சிலர்தான். 65 புரதங்களுக்கு 614 ஆன்டிபாடிகளை எடுத்து, நாக்-அவுட் (அந்த மரபணு நீக்கிய) செல்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவை ஏதாவது ஒரு பயன்பாட்டிலாவது தோற்றன. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. இம்யூனோஃப்ளூரசன்ஸுக்கு ஏற்றவை என்று நீங்கள் பரிந்துரைத்தவற்றில், மரபணு நீக்கிய செல்லை ஆதாரமாகக் காட்டியவை சுமார் 80 சதவீதம் தேறின. மற்ற மறைமுக ஆதாரங்களை வைத்துப் பரிந்துரைத்தவை 38 சதவீதம்தான் தேறின. நிறம் ஏறாத படத்தை ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. அந்தச் சோதனையில் பாரஃபின் திசு சேர்க்கப்படவே இல்லை என்பதையும் கவனியுங்கள். பிளாட், இம்யூனோபிரெசிபிட்டேஷன், இம்யூனோஃப்ளூரசன்ஸ் மூன்றுதான். ஃபார்மலினும் சூடாக்கலும் சேர்ந்த இடத்தில் நிலைமை எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பாராட்ட வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அந்த முடிவுகள் வந்த பிறகு, எதிர்பார்த்தபடி வேலை செய்யாத ஆன்டிபாடிகளில் ஐந்தில் ஒரு பங்கை நிறுவனங்களே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டன, இன்னும் பலவற்றின் பரிந்துரையைத் திருத்தின. மனம் வைத்தால் முடியும் என்று நீங்களே காட்டியிருக்கிறீர்கள்.

எல்லாக் கைனேஸுக்கும் நாக்-அவுட் செல் கிடைக்காது என்பது உண்மையான தடை, ஒத்துக்கொள்கிறேன். சிடிகே1, பிஎல்கே1 போன்றவற்றை நீக்கினால் செல் பெருகவே பெருகாது. அந்த இடத்தில் எஸ்ஐஆர்என்ஏ (குறிப்பிட்ட மரபணுவின் வெளிப்பாட்டை அடக்கும் சிறு ஆர்என்ஏ) போட்டு அளவைக் குறைத்த செல்களைக் காட்டுங்கள். அல்லது அதே கைனேஸின் வேறு பகுதியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடி அதே திசுவில் அதே செல்களைக் காட்டுகிறதா என்று பக்கத்தில் வையுங்கள். 2016-இல் வல்லுநர் குழு ஒன்று முன்வைத்த ஐந்து வழிகளில் இவையும் அடங்கும். இன்னொரு ஆன்டிபாடியைப் பக்கத்தில் வைக்கும் வழியில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரே ஆன்டிபாடியை வாங்கி வேறு லேபிள் ஒட்டி மூன்று நிறுவனங்கள் விற்கும் வழக்கம் உங்கள் தொழிலில் உண்டு. அப்படி ஒன்றையே இரண்டு பெயரில் வாங்கி 'இரண்டும் ஒத்துப்போகின்றன' என்று நாங்கள் மகிழ்ந்துகொண்டிருந்தால் யாருக்கு என்ன லாபம்? மூலம் யாருடையது என்று எழுதிவிடுங்கள்.

லாட் விஷயம் சுருக்கமாக. பாலிகுளோனல் (விலங்கின் ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆன்டிபாடிக் கலவை) என்றால் முயல் மாறும்போது ஆன்டிபாடியே மாறுகிறது, கேட்டலாக் எண் மட்டும் மாறுவதில்லை. மோனோகுளோனல் (ஒரே செல் வம்சத்திலிருந்து வருவது) என்றால் எல்லாம் சரியாக இருக்கும் என்றும் சொல்ல முடியவில்லை: அவற்றைத் தரும் செல்களான 185 ஹைப்ரிடோமாக்களைப் பிரித்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில், கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றில் கூடுதல் ஆன்டிபாடிச் சங்கிலிகளும் உற்பத்தியாகிக்கொண்டிருந்தன. வரிசை தெரிந்த ரீகாம்பினன்ட் (மரபணுவிலிருந்து செயற்கையாகத் தயாரிக்கும்) ஆன்டிபாடிக்கு மாறுவதுதான் நிரந்தரத் தீர்வு என்பது என் கருத்து. அதுவரை, லாட் மாறும்போதெல்லாம் அந்த நாக்-அவுட் பிளாக்கிலிருந்து ஒரு துண்டு வெட்டிச் சாயமிட்டு, அந்த லாட்டின் படத்தைப் போடுங்கள். ஒரு தடவை செய்த பிளாக் பல நூறு துண்டுகளுக்கு வரும்.

வாங்குகிற எங்கள் தரப்பிலும் சோம்பல் இருக்கிறது. யாரோ ஒரு கட்டுரையில் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதை வைத்தே ஆர்டர் போடுகிறோம், லாட் எண்ணை எழுதாமல் கட்டுரை அனுப்புகிறோம். ஆய்விதழ்களுக்கும் அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆனால் டிக் போடுவது நாங்கள் இல்லையே.

எல்லா ஆன்டிபாடிகளையும் நாளைக்கே சரிசெய்யுங்கள் என்று கேட்கவில்லை. அதிகம் விற்கும் கைனேஸ் ஆன்டிபாடிகளிலிருந்து தொடங்குங்கள்: ஏகேடி, இஆர்கே, இஜிஎஃப்ஆர், எம்டார், அவற்றின் பாஸ்போ வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் கைனேஸ் உள்ள செல், இல்லாத செல் இரண்டும் ஒரே ஸ்லைடில். பாஸ்போ என்றால் பாஸ்படேஸ் போட்ட துண்டும் சேர்த்து. கீழே மீட்புக் கரைசலின் பிஎச், சூடு, நேரம், ஆன்டிபாடியின் செறிவு, லாட் எண். செறிவை ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று எழுதுங்கள், '1:100 முதல் 1:500 வரை' என்று அல்ல. இந்தப் படம் தர முடியாத ஆன்டிபாடிகளின் டேட்டாஷீட்டிலிருந்து 'பாரஃபின் திசு' என்ற வரியை எடுத்துவிடுங்கள். பிளாட்டில் நன்றாக வேலை செய்தால் பிளாட்டுக்கென்றே வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஆன்டிபாடிகளைத் திசுத் துண்டுகளில் பயன்படுத்தும் ஒருவர்